வாய்ச் சொல்லும் வங்கிக் கணக்கும்

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி, சனிக்கிழமை, ஜப்பான் தேசத்து ஐச்சி மாநிலத்தில் ஈடா ரயில் பாதையில் சென்றுகொண்டிருந்த ஒரு வண்டியில், பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த மூன்று மாணவிகள் அரட்டை அடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுள் ஒருத்திக்குத் தொயொகாவா ஷின்கின் என்னும் உள்ளூர் வங்கியில் வேலை உறுதியாகியிருந்தது. சிறு வியாபாரிகளும் தொழிலாளிகளும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததைப் போட்டு வைக்கும், நம் ஊர்க் கூட்டுறவு நகர வங்கியை ஒத்த ஸ்தாபனம் அது. தோழியைச் சற்றே சீண்டிப் பார்க்க விரும்பிய மற்ற இருவரும், அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பது ஆபத்தாயிற்றே என்று பரிகாசம் செய்தார்கள். கொள்ளைக்காரர் புகுந்துவிடக்கூடும் என்பதற்கு மேல் அவர்கள் அந்தச் சொல்லில் எந்த அர்த்தத்தையும் வைக்கவில்லை. வேலை கிடைத்தவளோ வேடிக்கைப் பேச்சை வேடிக்கையாக விட்டுவிடும் சுபாவம் உடையவள் அல்லள் போலும். அன்று மாலையே தன் உறவுக்காரப் பெண்மணி ஒருவரிடம், அந்த வங்கி ஆபத்தானதா என்று கேட்டாள்.

கேள்வி இவ்விடத்தில்தான் தன் உடையை மாற்றிக்கொண்டது. உறவுக்காரப் பெண்மணி, வங்கியின் தலைமை அலுவலகத்துக்கு அருகில் குடியிருந்த மற்றோர் உறவினருக்குத் தொலைபேசியில் பேசி, அந்த வங்கி ஆபத்தில் இருக்கிறதா என்று விசாரித்தார். ஆபத்து, வங்கியில் வேலை செய்யப் போகும் பெண்ணை விட்டு நீங்கி, வங்கியின் கஜானாவைப் பற்றிக்கொண்டது. விசாரிக்கப்பட்டவர் அதை மறுநாள் தமக்குப் பழக்கமான சிகை அலங்கார நிலையத்துக்காரியிடம் சொன்னார். அந்த அம்மாள் தம் உறவினரிடம் சொன்னபோது, அங்கே வந்திருந்த சலவைக் கடைக்காரர் ஒருவர் காதில் அது விழுந்தது. அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். நான்கைந்து நாட்கள் கொசகாய் என்னும் அந்தச் சிற்றூரில் விஷயம் அடுப்படிப் பேச்சாகவே புகைந்துகொண்டிருந்ததே தவிர, ஒருவரும் பணத்தை எடுக்க ஓடவில்லை. கேட்டவர்கள் தலையை ஆட்டியிருப்பார்கள், 'அப்படியா' என்றிருப்பார்கள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

13-ஆம் தேதி, வியாழக்கிழமை, அந்தச் சலவைக் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கடைத் தொலைபேசியைச் சிறிது நேரம் இரவல் வாங்கி, தம்மைச் சேர்ந்தவர்களிடம், தொயொகாவா ஷின்கினிலிருந்து 12 லட்சம் யென் எடுத்து வைக்கும்படி உத்தரவிட்டார். அவருக்கு வதந்தியே தெரியாது. வியாபாரக் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டிய சாதாரணப் பணம் அது. ஆனால் மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று இதைக் கேட்ட கடைக்காரர் மனைவிக்கு, சில நாட்களாக மனத்தில் அரைகுறையாகக் கிடந்த சந்தேகம் அந்தக் கணமே பிரத்யட்ச உண்மையாகிவிட்டது. அவர் தம் கணக்கிலிருந்த 18 லட்சம் யென்னை எடுத்துக்கொண்டு வந்தார். வந்ததோடு நில்லாமல், தெரிந்தவர்களுக்கெல்லாம் நல்லெண்ணத்தோடு தொலைபேசியில் எச்சரிக்கை விடுத்தார். எச்சரிக்கப்பட்டவர்களுள் வானொலி ஆர்வலர் ஒருவர் இருந்து, தம் கருவி மூலம் அதை ஆகாச மார்க்கமாகவும் பரப்பினார். அன்றைய தினம் கொசகாய்க் கிளையில் 59 பேர் சுமார் 5 கோடி யென் எடுத்துவிட்டனர்.

அன்று அந்தக் கிளைக்குச் சவாரி ஏற்றிப் போன வாடகைக்கார் ஓட்டுநர் ஒருவரின் சாட்சியம் பிற்பாடு பதிவாயிற்று. நண்பகலில் ஏறியவர், வங்கி ஆபத்தில் இருக்கிறதாமே என்றாராம். பிற்பகலில் ஏறியவர், ஆபத்தில் இருக்கிறது என்றாராம். அந்தி வேளையில் ஏறியவர், முழுகப் போகிறது என்றாராம். இரவில் ஏறியவரோ, நாளைக்கு அந்தக் கதவு திறக்காது என்று தீர்ப்பே சொல்லிவிட்டாராம். கேள்விக்குறி உதிர்ந்து, 'ஆம்' என்ற கேள்விவழி விகுதியும் உதிர்ந்து, ஐயம் நிச்சயமாக முதிர்வதற்கு ஒரு பகற்பொழுது போதுமானதாயிற்று. சமூக சாஸ்திரிகள் எத்தனையோ சோதனைக் கூடங்கள் அமைத்தும் கைக்கு எட்டாத ஓர் அளவீட்டை, வாடகைக்கார் ஒன்றின் முன் ஆசனத்திலிருந்து ஒரு மனிதர் தம்மை அறியாமலே செய்து கொடுத்திருக்கிறார்.

அடுத்த நாள் வதந்திக்குக் கிளைக் கதைகள் முளைத்தன. வங்கிச் சிப்பந்தி ஒருவர் 50 கோடி யென்னைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்றது ஒன்று. வங்கித் தலைவர் தற்கொலை செய்துகொண்டார் என்றது மற்றொன்று. கதை என்றால் அதற்கு ஒரு வில்லனும் ஒரு சோக முடிவும் வேண்டுமல்லவா? வெறும் 'ஆபத்து' என்ற செய்தியை இரண்டாவது ஆளிடம் சொல்லும்போதே நாக்கு சலிக்கிறது. ஜப்பானிய மத்திய வங்கி நகரத்துக்கு ரொக்கம் அனுப்பிற்று. வாடிக்கையாளர் கண்ணில் படும்படி நோட்டுக் கட்டுகள் பெட்டகத்துக்கு முன்னால் அடுக்கி வைக்கப்பட்டன. பத்திரிகைகளும் மறுப்பு வெளியிட்டன. மறுப்பினால் மட்டும் கூட்டம் கலையவில்லை. வதந்தி எவர் வாயிலிருந்து எவர் காதுக்குப் போயிற்று என்பதைப் போலீஸார் ஆள் ஆளாகத் தேடிப் பிடித்து, ரயில் வண்டி வரைக்கும் பின்னோக்கிச் சென்று, 16-ஆம் தேதி அந்த வரிசை முழுவதையும் வெளியிட்ட பிறகே கூட்டம் கரையத் தொடங்கிற்று. அதற்குள் வங்கியிலிருந்து வெளியேறிய பணம் 100 கோடி யென்னுக்கு மேல். ஒருவர் மீதும் சதிக் குற்றம் சாட்ட இயலவில்லை. சங்கிலியில் இருந்த அத்தனை பேரும் யோக்கியர்கள். அத்தனை பேரும் பிறர் நன்மையைக் கருதியே பேசியவர்கள்.

பொதுவாக மறுப்பை எவரும் சட்டை செய்வதில்லை என்பதும், இங்கே வதந்தியின் வம்சாவளி மட்டும் எடுபட்டது என்பதும் கவனத்துக்குரியவை. வங்கி பலமாக இருக்கிறது என்பது ஒரு வாக்கியம். மூன்று சிறுமிகள் ரயிலில் பேசிய வேடிக்கை ஊரையே உலுக்கியது என்பதோ ஒரு கதை, அதிலும் முந்திய கதையைவிடச் சொல்லச் சுவையான கதை. கதையை வாக்கியம் வெல்லவில்லை; வேறொரு கதைதான் வென்றது.

இனி, அந்த விதை விழுந்த மண்ணையும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபரில் மேற்கு ஆசியாவில் மூண்ட யுத்தத்தின் விளைவாக எண்ணெய் விலை ஏறத் தொடங்கி, ஏறக்குறைய ஒட்டுமொத்த எண்ணெயையும் இறக்குமதி செய்து வாழ்ந்த ஜப்பானில் எல்லாப் பண்டங்களும் அருகிப் போகும் என்ற பீதி நிலவிற்று. நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒசாகாவை அடுத்த செந்ரி என்ற புதுநகரில் இல்லத்தரசிகள் கழிப்பறைக் காகிதத்துக்காகக் கடைகளை மொய்த்த செய்தி நாடு முழுவதும் பரவியிருந்தது. அதோடு, அந்த வட்டாரத்தில் ஏழாண்டுகளுக்கு முன்பு, 1966-இல், ஒரு நிதி ஸ்தாபனம் மெய்யாகவே நொடித்துப் பலரைத் தெருவில் விட்டிருந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, சலவைக் கடைக் குடும்பமும் அப்படிச் சூடு கண்ட குடும்பங்களுள் ஒன்று. ஆகவே அந்தப் பெண்மணியை அறிவிலி என்று எள்ளுவது நியாயம் ஆகாது. பழைய காயத்தின் வடிவத்துக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரு சொல் வந்து சேர்ந்தபோது, அவர் அதை நம்பினார் என்பதைவிட, அதை அடையாளம் கண்டுகொண்டார் என்று சொல்வதே பொருத்தம்.

பொருளாதார சாஸ்திரம் இம்மாதிரி சம்பவங்களை நெடுங்காலம் திண்ணைப் பேச்சு என்று ஒதுக்கியே வைத்திருந்தது. விலை, வட்டி, கூலி, உற்பத்தி என்று எண்ணக்கூடிய பொருள்களைக் கொண்டே காரணகாரியம் காட்டிப் பழகிய அந்தத் துறையில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகளும் காரணங்களுள் ஒன்று என்று வற்புறுத்தியவர்களுள் முக்கியமானவர், 2013-ஆம் ஆண்டு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஷில்லர். அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆற்றிய சொற்பொழிவிலும், 2019-இல் வெளியிட்ட நூலிலும் அவர் கூறியது இதுதான்: ஏற்றமும் வீழ்ச்சியும் எதனால் வந்தன என்று கேட்கும்போது, அந்தக் காலத்து ஜனங்களின் வாயில் எந்தக் கதை உலவிற்று என்றும் கேட்க வேண்டும், அது பரவும் விதத்தை ஆராய, தொற்றுநோய் பரவும் கணக்கையே கைக்கொள்ள வேண்டும்.

அந்தக் கணக்குக்கும் நமது தேசத்துக்கும் ஒரு நெருங்கிய பந்தம் உண்டு. ஆண்டர்சன் மெக்கெண்ட்ரிக் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் இந்திய மருத்துவ சர்வீசில் சேர்ந்து, இமயமலைச் சாரலில் கசௌலி என்னும் ஊரிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1920-இல் எடின்பரோ நகருக்குத் திரும்பினார். அங்கே அவருக்குத் துணையாக வாய்த்தவர், சோதனைச் சாலை விபத்தொன்றில் இரு கண்களையும் இழந்திருந்த இளம் ரசாயன விஞ்ஞானி வில்லியம் கெர்மாக். இவ்விருவரும் 1927-இல் வெளியிட்ட கட்டுரை, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயைப் பீடித்த பிளேக் நோயின் வாராந்தர மரணக் கணக்கைத் தங்கள் சூத்திரத்தோடு ஒப்பிட்டுக் காட்டிற்று. ஜனங்களை அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள்: நோய் இன்னும் தீண்டாதவர், நோயைச் சுமந்து பரப்புகிறவர், குணமடைந்தோ இறந்தோ அந்த ஓட்டத்திலிருந்து விலகிவிட்டவர். நோயாளி ஒருவர் விலகுவதற்குள் சராசரியாக ஒருவருக்கு மேற்பட்டவரைத் தொற்றினால் கொள்ளை நோய் மூளும். ஒருவருக்குக் குறைந்தால் அணையும். மூண்ட நோயும், எல்லோரையும் தீண்டிய பிறகுதான் தணியும் என்பதில்லை; தீண்டாதவர்களின் தொகை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினாலே தணிந்துவிடும்.

நோயாளி என்று வரும் இடத்தில் 'கதையைச் சொல்கிறவர்' என்றும், விலகியவர் என்று வரும் இடத்தில் 'சொல்லிச் சலித்தவர்' என்றும் எழுதிக்கொண்டால், இந்தக் கணக்கு பணச்சந்தைக்கும் ஒருவாறு பொருந்துகிறது. கதை மெய்யா பொய்யா என்ற வினாவுக்குச் சூத்திரத்தில் இடமே கிடையாது என்பதுதான் இதில் நாம் அஞ்ச வேண்டிய அம்சம். சொல்கிறவர் சலிப்பதற்குள் எத்தனை பேரிடம் சொல்கிறார் என்ற ஒன்றே தலைவிதியை நிர்ணயிக்கிறது. கொசகாயில் நான்கு நாட்கள் ஒன்றுக்கு ஒன்று என்று மந்தமாக நகர்ந்த பேச்சு, சலவைக் கடைத் தொலைபேசி ஒன்றுக்கு இருபதாக மாற்றியதும் கொள்ளை நோயாயிற்று. 2023-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறி, மறுநாளே அது மூடப்பட்டதற்கு, அதன் பத்திர நஷ்டம் ஒரு காரணம் என்றால், அதன் வாடிக்கையாளர்கள் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்களாய், ஒருவர் கைபேசியில் மற்றவர் இருந்தது மறு காரணம். கொசகாயில் ஐந்து நாட்கள் பிடித்த காரியம் அங்கே ஐந்து மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் நோயோடு கதையை ஒப்பிடுவது ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. பிளேக் வரப் போகிறது என்று எவ்வளவு பேர் நம்பினாலும் அந்த நம்பிக்கையால் பிளேக் வருவதில்லை. வங்கி முழுகப் போகிறது என்று போதுமானவர்கள் நம்பினால், வங்கி மெய்யாகவே முழுகும். டெபாசிட்டுதாரர் கேட்ட மாத்திரத்தில் பணம் தருவதாக வங்கி வாக்குக் கொடுக்கிறது. அவர் போட்ட பணத்தையோ ஐந்து வருஷம், பத்து வருஷம் கழித்துத் திரும்பி வரும் கடனாகக் கொடுத்து வைத்திருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால், உலகத்தில் எந்த நாணயமான வங்கியாலும் கொடுக்க முடியாது. இதை உணர்ந்த டெபாசிட்டுதாரர், வங்கியைப் பற்றிய செய்தி பொய் என்று நிச்சயமாக அறிந்திருந்தபோதிலும், மற்றவர்கள் அதை நம்புவார்கள் என்று அஞ்சினால், வரிசையில் முந்தி நிற்பதே புத்திசாலித்தனம். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் 1948-இல், தன்னையே மெய்ப்பித்துக்கொள்ளும் முன்னறிவிப்பு என்று இதற்குப் பெயரிட்டு, கற்பனை வங்கி ஒன்றின் வீழ்ச்சியை உதாரணமாகக் காட்டினார். டக்ளஸ் டயமண்ட், பிலிப் டிப்விக் ஆகிய இருவரும் 1983-இல் அதைக் கணித நிரூபணமாக்கி, 2022-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். (மெர்ட்டனின் குமாரர், அதே பெயர் கொண்டவர், 1997-இல் பொருளாதார நோபெல் பெற்றார்; அவர் சம்பந்தப்பட்டிருந்த முதலீட்டு நிதி மறு வருஷமே சந்தைப் பீதியில் சிக்கிப் பிறர் கைதூக்கிவிட வேண்டிய நிலைக்கு வந்தது. தந்தையின் கட்டுரையை அந்த நிதியின் கணித மேதைகள் படித்திருந்தார்களோ என்னவோ.)

வதந்தியைக் கேட்டு நல்ல வங்கியிலிருந்து ஓடுவது ஒரு வகை என்றால், புகழைக் கேட்டு உளுத்த வங்கிக்குள் ஓடுவது மறு வகை. இரண்டாவதில் சேதம் அதிகம். சென்னைப் பட்டணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெயருக்கு இருந்த மதிப்பு, சர்க்கார் கஜானாவுக்கு அடுத்தபடியானது. வெள்ளைக்காரக் கம்பெனி, தலைமுறைகள் கண்ட கம்பெனி, தலைவர் 'சர்' பட்டம் பெற்றவர், சட்டசபையில் அமர்ந்தவர்: இந்த நான்கு சொற்களில் அடங்கிய கதையை ஈடாக வைத்துக்கொண்டு, உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் வாழ்நாள் சேமிப்பை அங்கே போட்டார்கள். லண்டன் கூட்டாளி ஊக வியாபாரத்தில் பணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தது இங்கே எவருக்கும் தெரியவில்லை. கணக்கைக் காட்டு என்று கேட்பதே அபசாரமாகக் கருதப்பட்டிருக்கும். 1906 அக்டோபர் 22-ஆம் தேதி கம்பெனி கதவைச் சாத்திற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு மறு வருஷம் 18 மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. டெபாசிட்டுதாரர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைச் சென்னையின் பழைய குடும்பங்கள் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தன.

இதற்குச் சரியாக ஆறு நாட்களுக்கு முன்னர், அக்டோபர் 16-ஆம் தேதி, தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று என்பது சரித்திரத்தின் விசித்திரமான பொருத்தங்களுள் ஒன்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியர், இலங்கையர் முதலிய ஆசியாக் கண்டத்தார் மட்டுமே வாங்கலாம். லாபக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால், தூத்துக்குடி-கொழும்பு மார்க்கத்தில் வேரூன்றிய பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியை எதிர்த்து ஒருவரும் 25 ரூபாயை இறக்கியிருக்கமாட்டார். வாங்கியவர்கள், நம்மவர் கப்பல் நம் கடலில் ஓடப் போகிறது என்ற கதையில் பங்குதாரரானார்கள். அந்தக் கதையே 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களாக நீரில் மிதந்தது. எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து, இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் துணிந்தபோது, ஜனங்கள் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியதும் அதனால்தான். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கதையால் மட்டும் கப்பலுக்கு நிலக்கரி போட முடியாது. சர்க்காரின் பகையைச் சமாளிக்கவும் முடியாது. எனினும், பணம் போட்டவர்கள் ஏமாந்தார்கள் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

அதே சுதேசிக் காற்று வேறொரு திசையில் உருப்படியான காரியத்தை நிறைவேற்றிற்று. ஆர்பத்நாட்டில் பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலானோர், வெள்ளைக்காரப் பெயர்தான் நாணயம் என்ற பழைய கதை உடைந்து கிடந்த அந்தச் சமயத்தைத் தவறவிடாமல், நகரத்தார் போன்ற வணிகர்களின் துணையைக் கூட்டி, 1907 மார்ச் 5-ஆம் தேதி இந்தியன் வங்கியைப் பதிவு செய்தார்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதி அது வியாபாரத்தைத் தொடங்கிற்று. ஓராண்டுக்கு முன்னர் இதே மனிதர்கள் இதே திட்டத்தோடு வீடு வீடாகப் போயிருந்தால் மோர் கொடுத்து உபசரித்து அனுப்பியிருப்பார்கள்.

நம் காலத்துக்கு வருவோம். கொங்கு நாட்டில், ஈரோட்டையும் பெருந்துறையையும் சுற்றிய கிராமங்களில், 2012-ஆம் ஆண்டு வரை ஈமு கோழி ஒரு பொருளாதார சித்தாந்தமாகவே விளங்கிற்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பறக்கத் தெரியாத, ஆள் உயரம் வளரும் அந்தப் பறவையின் இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் இறகுக்கும் பச்சை நிற முட்டை ஓட்டுக்கும் அயல் நாடுகளில் கிராக்கி என்றார்கள். டெபாசிட் கட்டுகிறவருக்குக் கம்பெனியே குஞ்சு தரும், கொட்டகை போட்டுத் தரும், தீனி தரும், பராமரிப்புக்கு மாதம் ஒரு தொகையும், ஆண்டுக்கு ஒரு போனசும் தரும் என்றார்கள். சினிமா நடிகர்கள் தொலைக்காட்சியில் தோன்றி அதையே சொன்னார்கள். ஆனால் விளம்பரத்தைவிடப் பெரிய சாட்சி, பக்கத்துத் தோட்டத்துக்காரர். மழை பொய்த்து, கிணறு வற்றி, மஞ்சள் விலை இறங்கி நொந்திருக்கும் ஒரு விவசாயி, வேலிக்கு அப்பால் நிற்கும் ஆறு பறவைகளையும், மாதம் தவறாமல் பணம் வாங்கிவரும் அவற்றின் சொந்தக்காரரையும் கண்ணால் பார்க்கிறார். அவர் என்ன கேட்க வேண்டும்? இந்தக் கறியை யார் தின்கிறார்கள், எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். கேட்டவர் சிலரே. பறவைக்கு வாங்குவோர் என்று இருந்தவர்கள், அடுத்தபடியாக டெபாசிட் கட்டப் போகும் விவசாயிகள் மாத்திரமே; அவர்கள் கட்டிய பணமே முந்தியவர்களுக்கு மாதப் பணமாகப் போயிற்று. கதையைக் கேளாதவர் தொகை அருகியபோது பணமும் அருகிற்று. 2012 ஆகஸ்டில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கேட்பாரற்று நின்ற பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீனி போட வேண்டியதாயிற்று. அமெரிக்காவில், ஒரு ஜோடி ஈமு பல்லாயிரம் டாலருக்கு விலைபோய், பிறகு அதே பறவைகளைச் சாலையில் அவிழ்த்துவிடும்படி ஆன நாடகம் 1990-களிலேயே நடந்து முடிந்திருந்தது. அந்தக் கதை பெருந்துறைக்கு வந்து சேரவில்லை. தோல்விக் கதைகளைச் சம்பளம் கொடுத்துப் பரப்புவார் எவரும் இல்லை அல்லவா?

இத்தனையும் சொன்ன பிறகு, இந்த ஆராய்ச்சி முறையின் மீது எனக்குள்ள ஓர் அதிருப்தியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் பழைய பத்திரிகைகளில் எத்தனை முறை அச்சாயிற்று என்று கணினியில் எண்ணி, அந்த எண்ணிக்கை ஏறிய வருஷத்தில் விலையும் ஏறிற்று என்று காட்டுவது சுலபம். பேச்சினால் விலை ஏறிற்றா, விலை ஏறியதால் பேச்சு எழுந்ததா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஷில்லரும் இந்தச் சங்கடத்தை அறியாதவர் அல்லர். தொயொகாவா சம்பவம் அபூர்வமானதாக இருப்பதற்குக் காரணமே, அங்கே வாய்க்கு வாய், நாளுக்கு நாள், முழுச் சங்கிலியும் கைக்குக் கிடைத்திருப்பதுதான். மற்ற இடங்களில் நாம் பெரும்பாலும் ஊகிக்கிறோம். ஊகத்தை நல்ல கதையாகச் சொல்லிவிட்டால் நம்மை நாமே நம்பிவிடுகிறோம்.

ஹாலந்து தேசத்து டூலிப் பைத்தியம் இதற்கு எச்சரிக்கை. 1637 பிப்ரவரியில் ஹார்லெம் நகரில் டூலிப் கிழங்கு விலை திடீரென்று சரிந்தது மெய். நெசவாளி முதல் புகைக்கூண்டு துடைப்பவன் வரை ஊரெல்லாம் கிழங்கில் பணம் போட்டு, நாடே ஓட்டாண்டி ஆயிற்று என்பதோ, சார்லஸ் மெக்கே என்ற பத்திரிகை எழுத்தாளர் 1841-இல் வெளியிட்ட நூலால் உலகப் பிரசித்தி பெற்ற கதை. ஆன் கோல்ட்கார் என்னும் சரித்திர ஆசிரியை அந்நாளைய பத்திரப் பதிவு ஏடுகளைப் புரட்டி, 2007-இல் எழுதிய நூலில், வியாபாரம் செய்தவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள ஒரு சிறு வட்டத்தாரே என்றும், அதனால் வரிசையாகத் திவாலானவர்களைத் தம்மால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எழுதினார். பேராசையைக் கண்டிக்க அக்காலத்தில் அச்சான துண்டுப் பிரசுரங்களே பிற்காலத்தார்க்குச் சரித்திர ஆதாரமாகிவிட்டன. கதைகளை நம்பி மனிதர் கெடுவார்கள் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதையே பாதி கட்டுக்கதை!

கொசகாய்க்கு மறுபடி போகாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க இயலாது. ஏனெனில் சொல்லாமல் விட்ட உண்மை ஒன்று உண்டு. ஜப்பானில் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் 1971-லேயே அமலுக்கு வந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் யென் வரை, வங்கி முழுகினாலும் பணம் திரும்பி வரும். டிசம்பர் 13-ஆம் தேதி அந்தக் கிளையை முற்றுகையிட்டவர்களுள் 10 லட்சத்துக்கும் குறைவாகப் போட்டிருந்தவர்களுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. சட்டம் அரசாங்க ஏட்டில் இருந்தது. சலவைக் கடையில் இல்லை. இங்கிலாந்தில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் நின்ற வரிசைக்கும் இதுவே பாடமாயிற்று. அந்நாளில் அங்கே முதல் 2,000 பவுனுக்கு முழுக் காப்பீடு, அடுத்த 33,000 பவுனுக்கு 90 சதவீதம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வரிசையில் நிற்கும் ஒருவர் மற்றவருக்கு ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஏற்பாடா அது? நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங் செப்டம்பர் 17-ஆம் தேதி, போட்ட பணம் முழுவதற்கும் அரசாங்கமே ஜவாப்தாரி என்று அறிவித்தார். வரிசை கலைந்தது.

நம் நாட்டில், கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-இல் நொடித்ததன் விளைவாக, 1962 ஜனவரி 1-ஆம் தேதி டெபாசிட் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாய். ஒரு வங்கியின் பல கிளைகளில் கணக்கு இருந்தாலும், ஒரே பெயரில் இருப்பவற்றை எல்லாம் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து இந்த வரம்பு. வணிக வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட பணத்துக்கும், நிதி நிறுவனங்களில் போட்ட பணத்துக்கும், கொட்டகையும் குஞ்சும் தருவதாகச் சொல்லும் கம்பெனியில் கட்டிய பணத்துக்கும் இந்தக் காப்பீடு கிடையாது. வாசகர்கள் இதை, ஒரு வதந்தியைச் சொல்லும் சுறுசுறுப்போடு, குறைந்தது இரண்டு பேரிடமாவது சொல்ல வேண்டும்.